சப்ரீனா 1 ஷூ: ரெண்டு வருஷம் போட்டுத் தேச்சதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது புது ஷூவ டப்பால இருந்து எடுத்து மோந்து பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல. நைக்கி சப்ரீனா 1, பாஸ்கட்பால் பிளேயர் சப்ரீனா அயோனெஸ்கு பேர்ல வந்த ஷூ, ரெண்டு வருஷத்துக்கு மேல ஞாயித்துக்கிழமை தவறாம போட்டு ஆடி, அடி தேஞ்சு, லேஸ் ஒரு தடவ மாத்தி, இப்ப வாசல்ல செருப்போட செருப்பா கெடக்குற ஜோடிய பாத்துக்கிட்டே எழுதுறேன். 2024ல 2 வந்துச்சு, 2025ல 3-ம் வந்துடுச்சு, அதனால பழைய கதைன்னு நினைக்கிறவங்க போயிடலாம், மிச்சம் மீதி ஸ்டாக்ல 1 எங்கயாவது கம்மி விலைக்கு மாட்டுதே வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க மட்டும் உக்காருங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா யாரு காலுன்னு தெரியாம ஷூ ரிவ்யூ படிச்சு பிரயோஜனம் இல்ல. வயசு 41. ஊர்ல காலேஜ் டீம்ல பாயிண்ட் கார்ட் (பந்த கொண்டு வந்து ஆட்டத்த நடத்தறவங்க) ஆடினேன், சிமெண்ட் கோர்ட்டு, வெள்ள கேன்வாஸ் ஷூ, மத்தியானம் 3 மணிக்கு ஆடினா அடி வழியா சூடு ஏறும். இடது கணுக்கால் ரெண்டு தடவ நல்லா பிசகியிருக்கு. அப்புறம் கல்யாணம், வேலை, நியூஜெர்சி, பதினஞ்சு வருஷம் பந்தையே தொடல. பொண்ணு ரெக் லீக்ல (ஊர்ப் பசங்க பொழுதுபோக்கா ஆடற போட்டி) சேந்தப்போ அவள கொண்டு விடப் போய் கைகட்டி நிக்கப் பிடிக்காம திரும்ப ஆரம்பிச்சது தான். இப்ப ஞாயிறு காலைல ஒரு ஸ்கூல் ஜிம்ல ஆணும் பொண்ணுமா பன்னெண்டு பதிமூணு பேர் ஆடறோம். பாதம் அகலம், முன்னங்கால்ல வெயிட்டு, வேகம் சுத்தமா இல்ல, வாய் மட்டும் உண்டு.

ஷூ வாங்கின கதைக்கு வரேன். 2023 ஜூலைல லாஸ் வேகாஸ்ல டபிள்யூஎன்பிஏ (அமெரிக்காவோட பொம்பளைங்க பாஸ்கட்பால் லீக்) ஆல்ஸ்டார் த்ரீ பாயிண்ட் போட்டி, அதாவது தூரத்துல இருந்து கூடைல போடற போட்டி, நடந்துச்சே, அதுல சப்ரீனா அயோனெஸ்கு 40க்கு 37 எடுத்தா. 27 பந்து (சில பந்துக்கு பாயிண்ட் கூட), 25 உள்ள. வரிசையா 20 பந்து மிஸ்ஸே இல்லாம உள்ள போச்சு. அதுக்கு முன்னாடி என்பிஏ (ஆம்பளைங்க லீக்) போட்டில கூட ஒரு ரவுண்டுல 31க்கு மேல யாரும் தாண்டல, த்ரீ பாயிண்டுக்கே பேர் போன ஸ்டீபன் கரி உட்பட. நானும் பொண்ணும் சோபால உக்காந்து பாத்துட்டு இருந்தோம், பதிமூணாவது பந்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. முடிஞ்சதும் அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "அம்மா, அவங்க ஷூ என்ன?" (மரியாதை இல்லாம அவ இவன்னு எழுதறேன்னு நினைக்காதீங்க, டிவில பாத்து பாத்து பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி ஆயிட்டா, இனிமே மாத்த முடியாது.)

அந்த வருஷம் செப்டம்பர் வாக்குல தான் சப்ரீனா 1 கடைக்கு வந்துச்சு. நான் போன கடைல பாஸ்கட்பால் ஷூன்னு கேட்டா, அங்க இருந்த தம்பி என்னை மேல இருந்து கீழ பாத்துட்டு, லேடீஸ் செக்‌ஷன் மாடின்னுட்டாரு. மாடில வாக்கிங் ஷூ, யோகா ஷூ, ரோஸ் கலர்ல ஓடுற ஷூ. திரும்ப கீழ வந்து ஆம்பளைங்க சுவர்ல பாத்தா அங்க தான் தொங்கிட்டு இருந்துச்சு சப்ரீனா. விஷயம் என்னன்னா இது லேடீஸ் ஷூவே இல்ல, ரெண்டு பேருக்கும் பொதுவா போட்ட ஷூ, டப்பால ஆம்பள சைஸ் பொம்பள சைஸ் ரெண்டு நம்பரும் இருக்கும்.

இத ஏன் இழுக்குறேன்னா சைஸ்ல தான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. அமெரிக்க கணக்குல பொம்பள நம்பர்ல இருந்து ஒன்றரைய கழிச்சா ஆம்பள நம்பர். நான் 8.5, அப்ப இதுல 7. கடைல என் சைஸ் இல்லாததால ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட ஆர்டர் போட்டேன், அவங்க கன்வெர்ட் பண்ணாம ஆம்பள 8.5 அனுப்பிட்டாங்க, போட்டுப் பாத்தா ஓடம் மாதிரி இருக்கு, உள்ள இன்னொரு கால விடலாம். திருப்பி அனுப்பி காசு வாங்க மூணு வாரம். பேரு வேண்டாம், விடுங்க. நீங்க வாங்கும்போது டப்பால ரெண்டு நம்பரையும் பாத்துட்டு வாங்குங்க, அவ்ளோ தான். எனக்கு அகல பாதம், அதனால அரை சைஸ் கூட எடுத்து 7.5ல செட் ஆச்சு. பாதம் ஒல்லியா இருக்கறவங்களுக்கு சொந்த சைஸே போதும், எங்க ஜிம்ல மூணு பேர் அப்படித்தான் போடறாங்க.

சரி, கால்ல போட்டா எப்படி? அடி முழுக்க ரியாக்ட் ஃபோம், முன்னங்கால் கிட்ட ஒரு ஸூம் ஏர் பை. பேர வச்சுட்டு பெருசா நினைக்க வேண்டாம், எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், குதிகால்ல இறங்கும்போது மெத்துனு வாங்கிக்குது, முன்னங்கால்ல எம்பும்போது கொஞ்சம் திருப்பித் தள்ளுது. பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கிப் போற ஷூ சிலது இருக்கே, அதுல நின்னா சுகம், ஆடினா கால் எங்க இருக்குன்னே தெரியாது. இது அப்படி இல்ல, தரை தெரியும். தரை தெரிஞ்சா தான் சட்டுனு நின்னு திரும்ப முடியும். கார்ட் ஆடறவங்களுக்கு இது தான் வேணும், வேகமா வந்து, பிரேக் போட்டு, ஒரு அடி பின்னால எடுத்து ஷாட். சப்ரீனா ஆட்டத்தையே பாருங்களேன், அவ ஒண்ணும் எல்லாரையும் ஓடி ஜெயிக்கிற ஆளு இல்ல, பறக்கிற ஆளும் இல்ல, 5 அடி 11. நின்னு, தோள காட்டி, எதிராளி ஒரு நொடி அசந்த இடத்துல பந்து கைய விட்டு போயிருக்கும்.

இப்ப முக்கியமான கேள்வி. இது லோ கட் ஷூ, கணுக்கால் வெளிய தெரியும். ரெண்டு தடவ பிசகின காலுக்கு இத வாங்கலாமான்னு எனக்கும் பயம், ஊர்ல எங்க கோச் உசரமா கட்டின ஷூ இல்லாம உள்ள விடமாட்டாரு. ஆனா பாருங்க, கணுக்கால் பத்தி இந்தப் பொண்ணுக்குத் தெரியாததா. 2020ல நியூயார்க் லிபர்ட்டி டீம் அவள மொத ஆளா டிராஃப்ட் (காலேஜ் ஆளுங்கள டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கறது) பண்ணாங்க. கொரோனா வருஷம், டிராஃப்டே அவங்கவங்க வீட்ல கேமரா முன்னாடி உக்காந்து நடந்துச்சு, சீசன் முழுக்க ஃப்ளோரிடால பிராடன்டன்ல ஒரே வளாகத்துக்குள்ள அடைச்சு வச்சு நடத்துனாங்க. ரெண்டாவது மேட்ச்ல 33 பாயிண்ட் போட்டா. மூணாவது மேட்ச், அட்லாண்டாவோட, எதிராளி காலு மேல கால் வச்சு இடது கணுக்கால் கிரேட் 3 சுளுக்கு. அவ்ளோ தான் மொத சீசன். டீம் 22ல 2 ஜெயிச்சுது. கிரேட் 3ன்னா லிகமெண்ட் கிழிஞ்சதுன்னு அர்த்தம், எனக்கு வந்தது கிரேட் 2 தான், அதுக்கே ரெண்டு மாசம் மாடிப்படிய ஒவ்வொண்ணா எண்ணி இறங்கினேன்.

அடுத்த வருஷம் மே மாசம் ப்ரூக்ளின்ல மொத மேட்ச், இண்டியானாவோட, ஸ்கோர் சமம், 0.4 செகண்ட் மிச்சம் இருக்கும்போது த்ரீ பாயிண்டர் போட்டு முடிச்சா. நாலு நாள்ல லிபர்ட்டி வரலாத்துலயே மொத ட்ரிபிள் டபுள், அதாவது ஒரே மேட்ச்ல பாயிண்ட், ரீபவுண்ட் (மிஸ்ஸான பந்த புடிக்கிறது), அசிஸ்ட் (கூடை விழ பாஸ் குடுக்கறது) மூணும் பத்தோ மேலயோ. 1997ல இருந்து இருக்கிற டீம்ங்க அது, லீக் ஆரம்பிச்ச எட்டு டீம்ல ஒண்ணு, அத்தன வருஷத்துல ஒருத்தரும் போடல. ஆனா அந்தக் கால் முழுசா சரியாகாம தான் அந்த சீசனே ஓடுச்சு. 2022ல தான் பழைய சப்ரீனா வந்தா, லாஸ் வேகாஸ்ல 31 பாயிண்ட், 13 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், டபிள்யூஎன்பிஏல 30 பாயிண்டோட ட்ரிபிள் டபுள் போட்ட மொத ஆளு.

அந்தக் காலோட சொந்தக்காரி பேர்ல வந்த ஷூ லோ கட்டா இருக்குன்னா, உசரமா இருந்தா கால் பிசகாதுங்கற நம்பிக்கைய நானும் கொஞ்சம் ஓரமா வச்சேன். குதிகால் கழண்டு வராம கவ்விப் பிடிக்குதா, நடுப்பாதத்துல பட்டி இறுக்கமா நிக்குதா, அடி அகலமா தரைல உக்காருதா, இது மூணும் தான் பாத்தேன். மூணும் இருக்கு. ரெண்டு வருஷத்துல பெருசா ஒண்ணும் பிசகல. ஆனா ஷூ தான் காப்பாத்துச்சுன்னு சொல்லமாட்டேன், தினமும் பல்லு வெளக்கும்போது ஒத்தக் கால்ல நிக்கிற பழக்கம் வந்துருச்சு, பிசியோ சொல்லிக் குடுத்தது, அதுக்கும் பாதி மார்க். பயமா இருக்கறவங்க உள்ள ஒரு ஏங்கிள் பிரேஸ் போட்டுக்கலாம், அரை சைஸ் கூட எடுத்தா இடம் இருக்கு.

கிரிப்: சுத்தமான மரத்தரைல அருமை, கீச் கீச்னு சத்தம் வரும்போதே ஒரு தெம்பு வரும். எங்க ஜிம்ல சனிக்கிழம யாரோ பர்த்டே பார்ட்டி வைப்பாங்க, மறுநாள் தரைல கேக்கு தூள் வரைக்கும் இருக்கும். அப்போ ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ கையால அடிய துடைச்சுக்கணும், இது எந்த ஷூவுக்கும் உள்ளது தான். வெளிய பார்க்ல சிமெண்ட்ல ஆடினா அடி ரப்பர் சீக்கிரம் தேயும். நான் ஒரு கோடை முழுக்க பொண்ணோட பார்க்ல போட்டு ஆடினது என் தப்பு, இன்டோர் ஷூவ இன்டோர்ல வச்சிருந்தா இன்னும் ஒரு வருஷம் வந்திருக்கும்.

காத்து போறது சுமார் தான், கோடைல சாக்ஸ் நனையும். டங் (லேஸுக்கு அடில இருக்கற நாக்கு) கொஞ்சம் மெலிசு, லேஸ ரொம்ப இறுக்கினா மேல்பாதத்துல உறுத்தும், நான் மேல ஓட்டைய விட்டுட்டு கட்டறேன், சரியா இருக்கு.

விலை அப்போ 130 டாலர் சுத்தி. லெப்ரான் பேர்ல வர்ற ஷூ 200, அதோட பாத்தா பரவால்ல. இந்த இடத்துல ஒரு கணக்கு சொல்லாம இருக்க முடியல. 2020ல நாட்டுலயே மொத ஆளா டிராஃப்ட் ஆன இந்தப் பொண்ணுக்கு மொத வருஷ சம்பளம் 68,000 டாலர். எங்க டவுன்ல பல பேரு ஐடில சேந்த மொத வருஷமே அதுக்கு மேல வாங்கறாங்க. அதே மாதிரி மொத ஆளா போன பையனுக்கு என்பிஏல கோடிக்கணக்கு. அதனால தான் அப்போ டபிள்யூஎன்பிஏல ஆடினவங்களுக்கு ஷூ காண்ட்ராக்டுங்கறது கொசுறு இல்ல, அது தான் சோறு. 2021ல லிபர்ட்டி ஓனருங்க பிளேயர்ஸ தனி ஃபிளைட்ல கூட்டிட்டுப் போனதுக்கு லீக் 5 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு, மத்த டீமுக்கு அநியாயமாம். ஆறடி ஆளுங்க எக்கானமி சீட்ல மடங்கி உக்காந்து போகணும், அது தான் நியாயம். 2024ல தான் எல்லா டீமுக்கும் தனி ஃபிளைட் வந்துச்சு.

ஷூ கதையும் இதே லட்சணம் தான். பொம்பள பிளேயர் பேர்ல மொத ஷூ 1995லயே வந்துச்சு, ஷெரில் ஸ்வூப்ஸுக்கு, லீக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் லிசா லெஸ்லி, டான் ஸ்டேலின்னு கொஞ்ச பேருக்கு. 2010 வாக்குல கேண்டஸ் பார்க்கருக்கு வந்ததோட நின்னு போச்சு, அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல. 2022ல பியூமா பிரியானா ஸ்டூவர்ட்டுக்குப் போட்டப்போ தான் திரும்ப கதவு திறந்துச்சு, பின்னாலயே எலீனா டெல்லே டோன், அடுத்த வருஷம் சப்ரீனா. நாங்க ஆடின காலத்துல ஒரு பொண்ணு பேரு போட்ட ஷூவ யாராவது கால்ல பாத்திருப்போமா? எங்களுக்கு ஷூன்னா அண்ணன் போட்டு விட்டது.

இப்ப எங்க ஜிம்ல ஆறேகால் அடில ஒரு பையன் இருக்கான், காலேஜ் படிக்கிறான், ஷார்ப்பா ஆடுவான், அவன் கால்லயும் சப்ரீனா தான். "இது யாரு பேர்ல வந்ததுன்னு தெரியுமாப்பா"ன்னு கேட்டேன். "தெரியும் ஆன்ட்டி, கரியோட ஷூட் பண்ணாங்களே"ன்னான். 2024 பிப்ரவரி, இண்டியானாபோலிஸ், என்பிஏ ஆல்ஸ்டார் ராத்திரி. பொம்பளைங்க த்ரீ பாயிண்ட் லைன்ல இருந்து போடலாம்னு சொல்லியும் வேண்டாம்னு என்பிஏ லைன்ல போய் நின்னா, ஒன்றரை அடிக்கு மேல தூரம் கூட. கரி 29, அவ 26. தோத்துட்டா, ஆனா அதே ராத்திரி ஆம்பளைங்க த்ரீ பாயிண்ட் போட்டில டேமியன் லில்லார்ட் கப்பு வாங்கினதும் அதே 26ல தான். என்பிஏலயே நிறைய பேரு சப்ரீனா ஷூவ போட்டுட்டு ஆடறாங்க, கேமரா கீழ போகும்போது பாருங்க.

சின்ன வயசு கதையும் சொல்லிடறேன், பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சது அது தான். அப்பா ருமேனியால இருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து டாக்ஸி லிமோன்னு ஓட்டினவரு, அவர் வந்து சில வருஷம் கழிச்சு தான் அம்மாவும் அண்ணனும் வந்தாங்க. சப்ரீனாவும் எடியும் ரெட்டைப் பிறவி. பார்க்ல எடியோடயும் பசங்களோடயும் தான் ஆட்டம், பந்து கைக்கு வராது, அதனால ரீபவுண்டையாவது புடுங்கலாம், பாஸ் குடுத்து சேத்துக்க வைக்கலாம்னு கத்துக்கிட்டது தான் பின்னால ட்ரிபிள் டபுளா வந்து நின்னுச்சு. மிடில் ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு டீம் இல்ல, பொம்மை வச்சு விளையாடலாமேன்னு சொன்னாங்களாம். அவளே ஆளு சேத்து டீம் அமைச்சுட்டா. அப்புறம் ஓரிகன் யுனிவர்சிட்டில 26 ட்ரிபிள் டபுள், காலேஜ் பாஸ்கட்பால்ல ஆணு பொண்ணு யாரும் தொடாத நம்பர்.

2019ல காலேஜ் டோர்னமெண்ட் அரையிறுதில (ஃபைனல் ஃபோர்) பெய்லர் யுனிவர்சிட்டிகிட்ட தோத்தாங்க, அப்பவே ப்ரோவா போயிருக்கலாம், கப்பு பாக்கி இருக்குன்னு நாலாவது வருஷத்துக்கு திரும்பினா. அந்த வருஷம் 2020 ஜனவரில என்பிஏ ஜாம்பவான் கோபி பிரையன்ட்டும் அவர் பொண்ணு ஜியானாவும் ஹெலிகாப்டர் விபத்துல போயிட்டாங்க. கோபி இவளுக்கு குரு மாதிரி, பொண்ண கூட்டிக்கிட்டு இவ மேட்ச் பாக்க வந்தவரு. அன்னைக்கு ஷூவுல மார்க்கர்ல அவர் நினைவா எழுதிக்கிட்டு, அழுதுகிட்டே ஆடினா. பிப்ரவரி 24 காலைல லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சலி கூட்டத்துல பேசிட்டு, ஃபிளைட் புடிச்சு, சாயங்காலம் ஸ்டான்ஃபோர்ட்ல மேட்ச். 21 பாயிண்ட், 12 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். 2,000 பாயிண்ட், 1,000 ரீபவுண்ட், 1,000 அசிஸ்ட்னு மூணையும் தொட்ட மொத காலேஜ் ஆளு ஆனது அந்த ராத்திரி. அடுத்த மாசம் கொரோனா, டோர்னமெண்ட்டே கேன்சல். எதுக்கு திரும்பினாளோ அது நடக்கவே இல்ல.

எனக்கு இந்த ஷூ பிடிச்சதுக்கு காரணம் அந்த 37 இல்லன்னு 2024 அக்டோபர்ல தான் தெரிஞ்சுது. ஃபைனல்ஸ், மினசோட்டாவோட. மூணாவது மேட்ச்ல 28 அடி தூரத்துல இருந்து, ஒரு செகண்ட் மிச்சம் வச்சு போட்டா பாருங்க, 80க்கு 77, எங்க வீட்ல கத்தினதுல கீழ் வீட்டுக்காரர் கதவத் தட்டினாரு. அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கறது அஞ்சாவது மேட்ச். 19 ஷாட் போட்டா, ஒண்ணு உள்ள போச்சு. ஒண்ணே ஒண்ணு. நானா இருந்தா ஆறாவது மிஸ்ஸுல வயித்த வலிக்குதுன்னு பெஞ்சுல உக்காந்திருப்பேன். அவ 8 அசிஸ்ட், 7 ரீபவுண்ட், கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தா, ஓவர்டைம்ல 67க்கு 62ன்னு ஜெயிச்சு லிபர்ட்டிக்கு மொத கப்பு, அதுக்கு முன்னாடி அஞ்சு ஃபைனல் தோத்த டீம். எம்விபி (ஃபைனல்ஸோட சிறந்த பிளேயர்) அவ டீம் ஜான்குவல் ஜோன்ஸ், நியாயமா. சீசன் முடிஞ்சு சப்ரீனாவுக்கு ஷூட் பண்ற கை கட்டைவிரல்ல ஆபரேஷன்னு நியூஸ் வந்துச்சு.

என் பொண்ணு மறு வாரமே ரெக் லீக்ல ஏழு ஷாட்டும் மிஸ் பண்ணிட்டு கார்ல மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு வந்தா. "இன்னும் 11 பாக்கி இருக்குடி"ன்னேன். சிரிப்ப அடக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

யாருக்கு இந்த ஷூ வேண்டாம்னும் சொல்லணும். உள்ள நின்னு இடிச்சு ஆடற பெரிய உடம்புக்காரங்களுக்கு குதிகால் குஷன் பத்தாது, எங்க சென்டர் ஒருத்தர் போட்டுப் பாத்துட்டு மூணாவது வாரம் வேற மாத்திட்டாரு. தினமும் சிமெண்ட்ல ஆடறவங்களுக்கும் வேண்டாம். நடக்க, ஆபீஸ் போக, அழகுக்குன்னு வாங்கறவங்க வாங்குங்க, நான் என்ன சொல்ல, ஆனா பாஸ்கட்பால் ஷூவ போட்டுட்டு மாலுக்குப் போறது எனக்கு என்னமோ மனசு ஒப்பாது.

மார்க் கேட்டீங்கன்னா 10க்கு 8. அகலப் பாதத்துக்கு அரை, வெயில் காலத்துக்கு அரை, சிமெண்டுக்கு ஒண்ணு கழிச்சுட்டேன். 2 என் பொண்ணு வச்சிருக்கா, கடன் வாங்கி ரெண்டு மேட்ச் ஆடினேன், முன்னங்கால்ல துள்ளல் இன்னும் கூட மாதிரி பட்டுச்சு, ஆனா ரெண்டு மேட்ச்ச வச்சு தீர்ப்பு சொல்றது தப்பு. அவளுக்கும் இப்ப 7.5 ஆயிடுச்சு. வீட்ல ரெண்டு ஜோடி, நாலு கால், ஞாயிறு காலைல எவ மொதல்ல எந்திரிக்கிறாளோ அவளுக்கு புது ஜோடி.